மகளும் பிடித்த விரதம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மாதம். கந்தசஷ்டிக்கு ஒரு கிழமை இருந்தது. தெல்லிப்பழையில் உள்ள ஆஸ்பத்திரியில் டொக்டர் என் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, நாக்கில் வந்திருப்பது புற்றுநோய்தான் என்று சொன்னார். எனக்கு அப்போது வயது முப்பத்திரண்டு. என் மகளுக்கு நாலரை.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் வாய்க்காரி. யாழ்ப்பாணம் டவுனில் ஒரு புடவைக்கடையில் வேலை. ஒரு சேலை வாங்க வந்தவரை மூன்று சேலையோடு அனுப்பிவைப்பது என் வாய்தான். என் கணவர் வயரிங் வேலை செய்கிறவர். நாள் முழுக்க நாலு சொல் பேசினால் அதிகம். அவருடைய பங்கையும் சேர்த்து நானே பேசிவிடுவதால் எங்கள் வீட்டில் சண்டை வந்தாலும் ஒரு பக்கம்தான் கேட்கும்.

அந்த வாய்க்குள்தான் ஆவணி மாதம் ஒரு புண் வந்தது. இடப் பக்கம், நாக்கின் ஓரத்தில், ஒரு பயறளவு. பல் கடித்திருக்கும் என்று விட்டுவிட்டேன். அது ஆறவில்லை. உறைப்புப் பட்டால் கண்ணில் நீர் முட்டும். சொதியும் இடியப்பமும்தான் சாப்பாடு. கேட்டவர்கள் எல்லோரும் ஒரே வைத்தியம் சொன்னார்கள்: உடம்புச் சூடு. இளநீர் குடித்தேன். வெந்தயம் ஊறப்போட்டுக் குடித்தேன். கீரிமலை ஊற்றுக் கேணியில் முழுகினால் சூடு இறங்கும் என்று ஒருத்தி சொன்னதைக் கேட்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் முழுகியும் வந்தேன். மூக்கொழுகத் தடிமன் பிடித்ததுதான் மிச்சம்.

இரண்டு மாதம் இப்படியே போனது. கடைசியில் பல்லைக் காட்டத்தான் ஒரு பல் டொக்டரிடம் போனேன். அவர் பல்லைப் பார்க்கவேயில்லை. நாக்கை ஒரு துணியால் பிடித்து இழுத்துப் பார்த்தார். கையுறையைக் கழற்றினார். கடிதம் எழுதத் தொடங்கினார். தெல்லிப்பழைக்கு, புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு. எங்கள் பக்கத்தில் யாராவது தெல்லிப்பழைக்குப் போகிறார் என்றால் மற்றவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். எதற்கு என்று கேட்கவே மாட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் சின்னத் துண்டொன்று வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த நாளைத்தான் முதலிலேயே சொன்னேன். டொக்டர் நல்ல மனிதர். நோய் தொடக்கத்தில் இருக்கிறது, நாக்கின் ஓரத்தையும் கழுத்து நெறிக்கட்டிகள் சிலவற்றையும் எடுத்துவிடலாம், பேச்சு வரும், ஆனால் முந்தி மாதிரி வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்று பொறுமையாக விளக்கினார். எனக்குக் கடைசி வரி மட்டும்தான் காதில் விழுந்தது. சாவை விட, பேச்சுப் போய்விடும் என்றுதான் அந்த நிமிடம் பயந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை. பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் மகள் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு வேறு எந்த ஞாபகமும் வரவில்லை. அவளுக்குத் தலை இழுத்துப் பின்னிவிட யார், அவள் பெரியபிள்ளை ஆகும்போது பக்கத்தில் யார் என்று மனம் எங்கெங்கோ ஓடியது.

ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்று கணவரிடம் சத்தியம் வாங்கினேன். வெற்றிலை, புகையிலை போடுகிறவர்களுக்குத்தான் வாயில் இந்த வருத்தம் வரும் என்று ஊரில் ஒரு எண்ணம் இருக்கிறது. என் கலியாணத்தன்று ஒருமுறை போட்டதற்குப் பிறகு நான் வெற்றிலை தொட்டதில்லை. ஆனாலும் ஒவ்வொருவருக்கும் அதை விளக்கிக்கொண்டு நிற்க முடியுமா? அதோடு, நாளைக்கு மகளுக்குக் கலியாணம் பேசும்போது தாய்க்கு இந்த வருத்தம் இருந்தது என்று தட்டிக் கழிப்பார்கள் என்றும் யோசித்தேன். அவளுக்கு வயது நாலரை என்று சொன்னேன் அல்லவா? என் மூளை அப்படித்தான் வேலை செய்தது.

பொய்க்கு வழி லேசாகக் கிடைத்தது. தெல்லிப்பழையில் அம்மன் கோயிலும் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளெல்லாம் அம்மனுக்கு நேர்த்திக்கடன் என்று சொன்னேன். சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தது கந்தசஷ்டிக் கிழமையில். ஆகவே, இந்த முறை முருகன் கோயிலிலேயே தங்கி ஆறு நாளும் மௌன விரதம் பிடிக்கப் போகிறேன் என்று கடையிலும் அயலிலும் சொல்லிவிட்டேன்.

கடையில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "நீங்கள் ஒரு மணித்தியாலம் கதைக்காமல் இருந்தாலே முருகன் நேரில வந்திடுவார் அக்கா" என்றாள் கூட வேலை செய்கிற பிள்ளை. நானும் சிரித்தேன்.

மகளுக்கும் அதே பொய்தான். திங்கட்கிழமை காலை உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தபோது, தினமும் போன் எடுப்பீர்களா என்று கேட்டாள்.

"ஏலாது குஞ்சு. அம்மா கதைச்சால் விரதம் முறிஞ்சிடும். முறிஞ்சால் முதலில இருந்து பிடிக்க வேணும். பிறகு வீட்டை வரப் பிந்தும்."

"அப்ப நான்?"

"நீங்களும் சத்தம் போடாமல் இருந்தால் அம்மா கெதியா வந்திடுவன்."

என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு பையை மூடினேன்.

சத்திரசிகிச்சை செவ்வாய்க்கிழமை நடந்தது. கண் விழித்தபோது கழுத்தில் கட்டு, மூக்கில் ஒரு குழாய், வாய்க்குள் ஏதோ பெரிய கல்லை வைத்து அடைத்தது போன்ற பாரம். குழாய் வழியாகத்தான் பால், கஞ்சித் தண்ணி எல்லாம். பேச வேண்டியதை ஒரு கொப்பியில் எழுதிக் காட்டுவேன். வெள்ளிக்கிழமை டொக்டர் வந்து பார்த்துவிட்டு, இனிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கதைக்கப் பழகலாம் என்றார். அவர் போனதும் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு மகளின் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். வந்த சத்தம் என்னுடையது இல்லை. யாரோ வாயில் துணி அடைத்தவர் முனகுவது போல இருந்தது. இனி வாயே திறப்பதில்லை என்று முடிவெடுத்தேன். நேர்ஸ் வந்து கேட்டால் கொப்பியைத்தான் நீட்டினேன்.

சனிக்கிழமை பின்னேரம் வந்த கணவர் கதிரையின் நுனியில் இருந்தார். நாலு சொல்லும் அன்றைக்கு வரவில்லை. கொப்பியில் "என்ன?" என்று எழுதிக் காட்டினேன்.

"இஞ்சரும், நீர் பயப்பிடாதையும். பிள்ளை கதைக்கிறாளில்லை."

திங்கட்கிழமையிலிருந்தே அப்படித்தானாம். மகளைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த கணவரின் அக்கா, என் மச்சாள், முதலில் கோபம் என்று நினைத்திருக்கிறார். பிறகு எதையோ கண்டு பயந்துவிட்டாள் என்று கோயிலுக்குக் கூட்டிப்போய்த் திருநீறு போட்டு நூல் கட்டியிருக்கிறார். சாப்பிடுகிறாள், விளையாடுகிறாள், வாய் மட்டும் திறப்பதில்லை. வியாழக்கிழமை முன்பள்ளி டீச்சர் போன் எடுத்திருக்கிறார். கழிவறைக்குப் போக வேண்டும் என்று கேட்காமல், இருந்த இடத்திலேயே சட்டையை நனைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாளாம்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. என் மகளுக்கு என்ன வருத்தம் என்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். நானே கொடுத்த வருத்தம். என் நாக்கில் புண் வந்தபோது வராத வலி அந்தக் கட்டிலில் இருந்தபோது வந்தது.

"நாளைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று எழுதினேன்.

"உம்மை இந்தக் கோலத்தில பாத்தால் பயந்திடுவாளப்பா."

"கூட்டிக்கொண்டு வாங்கோ" என்பதற்குக் கீழே கோடு போட்டேன். பேனை அழுத்தியதில் தாள் கிழிந்தது. 

சின்னப் பிள்ளைகளை வார்ட்டுக்குள் விட மாட்டார்கள். நேர்ஸிடம் கொப்பியில் முழு விஷயத்தையும் ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். அவர் வாசித்தார். கண்டிப்பான மனிசி, ஒருநாளும் சிரித்து நான் கண்டதில்லை. கொப்பியை மூடிக் கையில் தந்துவிட்டு, "வெளியில வாங்கு இருக்குத்தானே. அங்க இருந்து பாருங்கோ. ஆனால் நீங்கள் வாய் திறக்க வேணும், சொல்லிப்போட்டன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெளியே ஒரு வேப்பமரத்தின் கீழ் இருந்த வாங்குப் பலகையில் போய் இருந்தேன். தலையை நானே வாரிக்கொண்டேன். கழுத்துக் கட்டை மறைக்க ஒரு சால்வை. மூக்குக் குழாயை எதனால் மறைப்பது? கணவரின் மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கியவள் என்னைக் கண்டதும் ஓடி வந்தாள். நாலு முழம் தூரத்தில் நின்றுவிட்டாள். குழாயைப் பார்த்தாள், கட்டைப் பார்த்தாள். விரலை எடுத்துத் தன் வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கதைத்துவிடக் கூடாது என்று எனக்குச் சைகை காட்டுகிறாள்.

நான் வாயைத் திறந்தேன். "விரதம் முடிஞ்சுது குஞ்சு" என்றேன். அது பாதி எச்சிலும் பாதிச் சத்தமுமாகத்தான் வந்தது. ஒரு எழுத்தும் ஒழுங்காக விழவில்லை. பக்கத்தில் போன ஒருவர் திரும்பிக்கூடப் பார்த்தார். ஆனால் என் பிள்ளைக்கு விளங்கியது.

"அம்மா! நான் ஒண்டுமே கதைக்கேல்லை. டீச்சர் அடிப்பன் எண்டு சொல்லியும் கதைக்கேல்லை. மூத்திரம் வந்தும் கதைக்கேல்லை. விரதம் முறியேல்லைத்தானே?"

"முறியேல்லை" என்று சொல்லி அவளைக் கட்டிக்கொண்டேன். கழுத்துத் தையல் சுரீர் என்றது. விடவில்லை. ஆறு நாளும் அடக்கி வைத்ததையெல்லாம் அவள் என் காதுக்குள் கொட்டினாள். மாமி புட்டு அவித்தது, பூனை குட்டி போட்டது, நூல் கட்டின இடம் அரித்துக் கடிக்கிறது. என் கணவர் மோட்டார் சைக்கிளைத் துடைப்பது போல அந்தப் பக்கம் திரும்பி நின்று அழுதார்.

அன்றைக்கு, அந்த வாங்கில் வைத்து, அவளுக்கு உண்மையைச் சொன்னேன். கோயிலில் இல்லை, ஆஸ்பத்திரியில் இருந்தேன். நாக்கில் ஒரு கூடாத புண், டொக்டர் அதை வெட்டி எடுத்துவிட்டார், அதனால்தான் அம்மாவின் கதை இப்படி இருக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று மூச்சு எடுத்துச் சொன்னேன். பொய்யைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. பெரிய டொக்டர் மாதிரி என் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினாள்.

"ஆ காட்டுங்கோ."

காட்டினேன். தலையைச் சரித்துச் சரித்துப் பார்த்தாள்.

"பறவாயில்லை அம்மா. இன்னும் நாக்கு இருக்குது."

இத்தனை டொக்டர்மார் சொல்லியும் என் மனம் நம்பாத செய்தி அது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு முதல்முறை சிரித்தேன். வலித்தது, ஆனாலும் சிரித்தேன்.

இரண்டு கிழமை கழித்துப் பெரிய சோதனை முடிவும் வந்தது. வெட்டிய ஓரங்கள் சுத்தம், கழுத்து நெறிக்கட்டிகளில் ஒன்றும் இல்லை, கதிர்ச் சிகிச்சை தேவையில்லை, ஒழுங்காக வந்து காட்டினால் போதும் என்றார் டொக்டர். நான் அழுதுகொண்டே கும்பிட்டேன். என் கணவர் கன்டீனுக்குப் போய் எங்கள் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஆட்களுக்கெல்லாம் தேத்தண்ணி வாங்கி வந்தார். வாயால் சொல்லத் தெரியாத மனிதர் அதைத்தான் செய்வார்.

மார்கழி விடுமுறையில் அடுத்த முறை காட்டப் போனபோது மகளும் கூட வந்தாள். தெல்லிப்பழை வழியாகப் போகிற காங்கேசன்துறை பஸ், நெரிசல். எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருக்கிற ஒரு அக்கா முன் சீட்டிலிருந்து திரும்பி, அம்மன் கோயிலுக்கோ என்று கேட்டார். பழக்கத்தில் எனக்குத் தலை ஆடத் தொடங்கிவிட்டது.

"இல்லை மாமி," என்றாள் மகள், பஸ் முழுக்கக் கேட்க. "நாங்கள் ஆஸ்பத்திரிக்கு. அம்மாவின்ரை நாக்கில புண் எண்டு கொஞ்சம் வெட்டினவை. மிச்ச நாக்கு இருக்குது."

 எனக்கு முகம் சுட்டது. பிறகு அந்த அக்கா எட்டி என் கையைப் பிடித்தார். "ஏன் பிள்ளை எங்களுக்குச் சொல்லேல்லை? இப்ப சுகமோ?"

"ஓம் அக்கா, சுகம்" என்றேன். நாக்குத் தடுக்கிக் கொன்னையாகத்தான் வந்தது. கொண்டக்டர் உட்பட ஒருவரும் சிரிக்கவில்லை.

இன்றைக்கும் கடையில் நான்தான் சேலை விற்கிறேன். முந்தி மாதிரி வேகமாக வராது. ஒரு சேலைக்கு வந்தவர் சில நேரம் ஒரு சேலையோடு மட்டும் போய்விடுகிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே பஸ்ஸில் போகும்போது, எங்கே என்று கேட்கிறவர்களுக்கு ஆஸ்பத்திரிக்கு என்றே சொல்கிறேன். எனக்காக ஆறு நாள் வாய் திறக்காமல் இருந்த பிள்ளையை நினைத்தால், மிச்சமிருக்கிற இந்த நாக்கால் பொய் சொல்ல மனம் வருவதில்லை.