சாக்ஸ் குண்டும் போஸ்டர் பசையும்

என் தம்பிக்குக் கண் பரிசோதனை செவ்வாய்க்கிழமை என்று சொல்லியிருந்தார்கள். துறைமுகத்தில் கன்டெய்னர் தூக்கும் கிரேன் ஓட்டுகிற வேலை. எழுத்துத் தேர்வு, நேர்முகம் எல்லாம் தாண்டிவிட்டான். மிச்சம் உடல் தகுதிச் சோதனை மட்டும். அதிலும் கண்தான் முக்கியமாம். அவ்வளவு உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, கீழே நிற்கிற லாரியின் நாலு மூலையும் பார்த்துப் பெட்டியை இறக்க வேண்டும். அப்படிப்பட்டவன் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பெயின்ட்பால் விளையாடப் போனான். போனதுகூடப் பரவாயில்லை. அங்கே வீசுவதற்கான பெயின்ட் குண்டுகளைச் செய்து கொடுத்தது நான்.

நான் இயல்பிலேயே பயந்தவன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பஞ்சர் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். இப்போது திருவொற்றியூரில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கிற சாலையோரத்தில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறேன். பயம் மட்டும் அப்படியே இருக்கிறது. வீட்டில் கேஸ் அடுப்பை மூடிவிட்டுக் கிளம்பினால் பாதி வழியில் திரும்பி வந்து பார்ப்பேன். டயர் மாட்டிக்கொண்டு லாரி போன பிறகு, நட்டை முறுக்கினோமா இல்லையா என்று சந்தேகம் வந்து டிரைவருக்கு போன் போடுவேன். அவர்களுக்கும் பழகிவிட்டது. "முறுக்கிட்டண்ணா, நான் பாத்தேன். நீ போய் துன்னு" என்பார்கள்.

தம்பியும் அவனோடு கன்டெய்னர் யார்டில் வேலை செய்கிற பையன்களும் விளையாடுகிற இடம் மணலி புதுநகரைத் தாண்டி, பூட்டிக் கிடக்கும் ஒரு குடோனின் காம்பவுண்டுக்குள் இருக்கிறது. வலை கட்டி, மறைந்துகொள்ள மரப்பலகைகளும் பழைய டயர்களும் அடுக்கியிருப்பார்கள். அந்த டயர்களில் பாதி என் கடையில் இருந்து போனவை. முகத்துக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு, காற்றுத் துப்பாக்கியால் சாயக் கோலியைச் சுட வேண்டும். மேலே சாயம் பட்டவன் அவுட். கையால் வீசுகிற பெயின்ட் குண்டும் உண்டு. ஆனால் அங்கே விற்பது ஒருமுறை வெடித்தால் குப்பைக்குத்தான் போகும்.

"இத பாருண்ணா" என்று போனில் ஒரு வீடியோவைக் காட்டினான் தம்பி. "கழுவிக் கழுவி மறுபடி வீசலாம். வெறும் ரப்பர் ட்யூப்புதான். உனக்குத் தெரியாத ரப்பரா?"

ஒத்துக்கொண்டதற்குக் காரணம் அந்தப் புகழ்ச்சி இல்லை. வேறு எவனோ செய்ததை வாங்கி வீசுவதைவிட நானே செய்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த நிம்மதிக்காகத்தான் உட்கார்ந்தேன்.

ஆஸ்பத்திரி சாமான் விற்கிற கடையில் மஞ்சள் நிற மெல்லிய ரப்பர் ட்யூப் கிடைத்தது. கை நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையை மடக்கி சைக்கிள் ட்யூப் துண்டால் இறுக்கிக் கட்டினேன். மறுமுனை வழியாகப் புது கிரீஸ் கன்னால் சாயத்தை ஏற்றினால் எலி விழுங்கிய பாம்பு மாதிரி உப்பும். அந்த முனையை மடித்துத் துணி கிளிப் போட்டு, சுருட்டி ஒரு சாக்ஸுக்குள் திணித்துவிட வேண்டும். கிளிப் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வீசியது தரையில் மோதினால் கிளிப் தெறித்துவிடும். ட்யூப் தலைவிரித்து ஆடிச் சுற்றிலும் சாயத்தைப் பீய்ச்சும். பிறகு எடுத்துக் கழுவிக் காயவைத்தால் அடுத்த வாரத்துக்கு ரெடி. கிளிப் யார் மேலாவது பட்டால் வலிக்குமே என்று அதற்கும் ரப்பர் சுற்றினேன். ஜோடி தொலைந்த சாக்ஸ் வேண்டும் என்று கேட்டதும் எங்கள் தெருவே அள்ளிக் கொடுத்தது.

சாயத்தில்தான் பேஜாரு. தண்ணீரில் கலர் கரைத்து ஊற்றினோம். பட்டவனெல்லாம் வேர்வை என்று சொல்லிவிட்டு ஓடிக்கொண்டே இருந்தான். கோலமாவு கலந்தோம், ட்யூப் வாயில் அடைத்துக்கொண்டது. கடைசியில் என் தோஸ்துதான் வழி சொன்னான். அவனுக்குப் போஸ்டர் ஒட்டுகிற வேலை. விடிந்ததும் மொபெட்டின் முன்னால் பசை வாளியும் பின்னால் போஸ்டர் சுருளுமாகக் கிளம்பிவிடுவான். கண்ணீர் அஞ்சலி, காதணி விழா, வட்டச் செயலாளர் பிறந்தநாள், எல்லாம் அவன் கையால்தான் சுவரேறும்.

"மைதா பசைய தண்ணியா காச்சித் தரேன் மாமு. ஸ்வீட் கடை கலர் கலந்துக்கோ. ஒட்டும், அடைக்காது, கழுவுனா போயிடும்" என்றான்.

சொன்னபடியே வீட்டில் காய்ச்சி, நீலம் கலந்து ஒரு குண்டான் நிறையக் கொண்டுவந்தான். மணிக்கட்டில் தடவிக்கொண்டு நெடுநேரம் பார்த்தேன். அரிக்கவில்லை. எல்லாக் குண்டையும் நிரப்பிவிட்டுக் குண்டானைக் கழுவிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குண்டுகளைப் பெரிய பிஸ்கட் ஜாரில் போட்டுக் கொடுத்தேன். போலீஸ்காரர் வழியில் நிறுத்தினால் வெளியிலிருந்தே தெரியட்டும், பையைத் திறக்கச் சொல்லி எதுவும் ஆகிவிடக்கூடாது என்பதற்காக. என் பைக்கை எடுத்துக்கொண்டு தம்பி கிளம்பினான்.

"மாஸ்க்கக் கழட்டாத."

"சரிண்ணா."

"போன வாரம் கழட்டினியாமே."

"உள்ள ஆவி கட்டிகினா ஒண்ணும் தெரில. தூக்கித் தொடச்சிட்டு மாட்டினேன். வுடுண்ணா."

அவன் போன பிறகு கடையைத் திறந்தேன். சற்று நேரத்தில் தோஸ்து பின்டயர் பஞ்சரான மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தான். வீலைக் கழற்றினேன். அவன் பசை வாளியை இறக்கி ஓரமாக வைத்தான்.

"குண்டு எப்டி?"

"நல்லா ஒட்டுது."

"ஒட்டாம? நம்ம கை பசை. மாடுகூட வாய வெக்காது."

ட்யூபை உருவிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது.

"ஏன் வெக்காது?"

"துத்தம் போடுவோம்ல."

மயில்துத்தம் எனக்கும் தெரியும். நீலக் கல். பசை கொதிக்கும்போது கொஞ்சம் தட்டிப் போடுவார்கள். பசை புளிக்காது; மாடு போஸ்டரைக் கிழித்துத் தின்னாது. அதைத் தொட்டுத் தொட்டு அவன் விரல் இடுக்கில் தோல் எப்போதும் வெடித்தே இருக்கும்.

"எங்களுக்குக் காச்சினதுலயும் போட்டியா?"

அவன் யோசித்தான். யோசித்ததுதான் என்னைக் கொன்றது.

"போட்ருக்க மாட்டேன். போட்டனா? கை பழக்கம் மாமு. பசை கொதிச்சா கை தானா டப்பாவாண்ட போவும். நெனச்சா போடறேன்?"

மிச்சப் பசை இருந்தால் பார்க்கலாம். நானே கழுவி ஊற்றிவிட்டேன். இருந்தாலும் என்ன தெரியும்? நீலத்துக்குள் நீலம். தோலையே வெடிக்க வைக்கிற சாமான் கண்ணில் பட்டால்? தம்பி மாஸ்க்கைத் தூக்கித் தூக்கித் துடைப்பான். செவ்வாய்க்கிழமை டாக்டர் டார்ச் அடித்துப் பார்ப்பார். என் மனசு அதற்குள் அந்த வேலையை வேறு ஒருவனுக்குக் கொடுத்துவிட்டது.

தம்பிக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. விளையாடப் போகிறவர்கள் போனைக் கவுன்டரில் கொடுத்துவிட வேண்டும். பசை காய்ச்சும்போது கூட இருந்த தன் மனைவிக்குத் தோஸ்து போட்டான். அவள் ஞாயிறு என்றால் காசிமேட்டில் மீன் எடுக்கப் போய்விடுவாள். அந்தச் சத்தத்தில் போன் அடித்தால் எங்கே கேட்கும்? போவதற்கு வண்டி என்று பார்த்தால் எதிரில் இருந்தது வீல் கழற்றிய அந்த மொபெட்தான்.

பஞ்சர் போட்டேன். ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வருகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்க்கிற ஆள் நான். அன்றைக்கு முக்கினேன், எடுத்தேன், மாட்டினேன்.

சாத்தாங்காட்டில் இரும்புக் கடைகள் மூடியிருந்தன; சாலை காலி. ஆனாலும் மொபெட் மாட்டு வண்டி வேகத்தில்தான் போனது. பசை வாளியை என் மடியில் வைத்திருந்தேன்.

"கொஞ்சமா போட்டிருந்தா?" என்று கேட்டேன்.

"எரியும்."

"எரிஞ்சா?"

"கழுவணும். என் கண்ல எத்தினியோ வாட்டி தெறிச்சிகீது. எனக்கு இன்னா ஆச்சி?"

"நீ இன்னா கிரேனா ஓட்டற?"

அவன் ஆக்சிலேட்டரை இன்னும் முறுக்கினான். மணலி ரிஃபைனரி நாற்றம் வந்தது, போனது. சின்னப் பள்ளத்தில் இறங்கினால்கூடப் பின்டயர் போய்விட்டது என்றே நினைத்தேன். போகவில்லை.

கேட்டில் இருந்தவர் தடுத்தார். "மாஸ்க் இல்லாம உள்ள போகக் கூடாதுங்க."

"என் தம்பி உள்ள கீறான்."

"எல்லாருக்கும் யாராவது உள்ள இருக்காங்க. இந்தாங்க, மாட்டிட்டுப் போங்க."

மாட்டினேன். தலைகீழாக மாட்டியிருக்கிறேன் என்று அவரே திருப்பிவிட்டார். ஆட்டம் முடிகிற நேரம். டயர், பலகை, வலை எங்கே பார்த்தாலும் நீலம். ஒரு டிரம் மேல் தம்பி உட்கார்ந்திருந்தான். மாஸ்க் நெற்றிக்கு மேல் ஏறியிருந்தது. முகவாய்வரை நீலம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கசக்கிக்கொண்டிருந்தான்.

ஓடிப்போய் அவன் முன்னால் நின்றேன்.

"எரியுதா?"

"இன்னாண்ணா, நீ எங்க இங்க?"

"கண்ணு எரியுதாடா?"

"வேர்வ இறங்கிச்சி."

அவனைத் தண்ணீர்க் குழாய்க்கு இழுத்துப் போய் முகத்தில் அடித்தேன். அவன் மூச்சு முட்டி, "எதிர் டீம்காரன்கூட இப்டி அடிக்கலண்ணா" என்றான். கூட்டாளிகள் சிரித்தார்கள். "மச்சி, உங்க அண்ணன் எந்த டீமு?" என்றான் ஒருவன். நான் இமையைப் பிதுக்கிப் பார்த்தேன். சிவப்பாக இருந்தது. துத்தத்தின் சிவப்பா, கசக்கின சிவப்பா?

அப்போது பின்னாலிருந்து தோஸ்து மெதுவாகச் சொன்னான்.

"மாமு, அங்க பாரு."

காம்பவுண்டு சுவர் இடிந்திருந்த பக்கமாக ஒரு பசுமாடு தலையை உள்ளே நீட்டியிருந்தது. பக்கத்தில் இருந்த டயர் அடுக்கை, மேலிருந்து கீழாக, ஒரு சொட்டு விடாமல் நக்கிக்கொண்டிருந்தது. மூக்கு, நாக்கு எல்லாம் நீலம். டயர் முடிந்ததும் கீழே கிடந்த சாக்ஸைக் கவ்விச் சப்ப ஆரம்பித்தது.

தோஸ்து கிட்டே போனான். பலகையில் வழிந்த பசையை விரலால் வழித்து அதன் முன்னால் நீட்டினான். விரலோடு சேர்த்து நக்கியது. கூடவே கொண்டுவந்திருந்த தன் வாளியில் இருந்த போஸ்டர் பசையைத் தொட்டு நீட்டினான். முகர்ந்தது, தும்மியது, தலையைத் திருப்பிக்கொண்டது. மறுபடி பலகைப் பசையை நீட்டினான். நக்கியது.

திரும்பி வந்தபோது அவன் முகம் தொங்கிப்போயிருந்தது.

"துத்தம் போடல மாமு. என் பசைய மாடு நக்கிகினு கீது. யாராண்டயும் சொல்லாத."

நான் பக்கத்தில் இருந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டேன். மாஸ்க்கைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை. உள்ளே ஆவி கட்டி எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. தம்பி சொன்னது சரிதான், ஒண்ணும் தெரியவில்லை. அந்த மங்கலுக்குள் உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது எவ்வளவு சுகமாக இருந்தது என்று எழுதிக்காட்ட எனக்குத் தெரியவில்லை.

அப்புறம்தான் தோஸ்துவின் மனைவி திரும்பக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டான்.

"துத்தமா? டப்பாவ நான்தான எடுத்து ஒளிச்சேன். இட்லி குண்டான்ல துத்தத்தப் போடுவியா நீ? நாளைக்கு அதுல இட்லி சுட்டா எவன் துன்றது?"

"சொல்லவே இல்லியே."

"கேட்டியா? கொதிச்சதும் வெறுங்கைய உள்ள தட்டிட்டுப் போன. நானும் பாத்துகினுதான் இருந்தேன்."

திரும்பும்போது தம்பியை என் பைக்கில் பின்னால் உட்காரவைத்து நான் ஓட்டினேன். கடை வந்தும் எனக்கு முழுசாக ஆறவில்லை. சாலையோரம் நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு எதிரே போகிற கன்டெய்னர் மேல் எழுதியிருக்கிற நம்பரைப் படிக்கச் சொன்னேன். படித்தான். மறு கண்ணை மூடச் சொன்னேன். அதையும் படித்தான்.

"சரியாண்ணா?"

நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்தப் பெட்டியையே பார்த்தேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"உனக்கு நம்பரே தெரில, இல்ல?"

தெரியவில்லைதான். பெட்டி தெரிந்தது, அதன் மேல் வெள்ளையாக ஏதோ கோடு தெரிந்தது. அவன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். செவ்வாய்க்கிழமை அவன் கண் தேறியது. அதே வாரம் என்னை இழுத்துக்கொண்டு போய் எனக்குக் கண்ணாடி வாங்கி மாட்டினான். இப்போது அவன் கூண்டில் உட்கார்ந்து பெட்டி இறக்குகிறான். நான் கடையிலிருந்து அந்தப் பெட்டிகளின் நம்பரைப் படிக்கிறேன்.

குண்டு இன்னமும் செய்கிறேன். அந்த மைதானத்தில் இப்போது எல்லா டீமும் என் சாக்ஸ்களைத்தான் வீசுகிறார்கள். பசை தோஸ்து வீட்டு இட்லி குண்டானில்தான் கொதிக்கிறது, அவன் மனைவி பக்கத்தில் நிற்கிறாள். ஆனாலும் ட்யூபில் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு தட்டில் கொஞ்சம் ஊற்றி எங்கள் தெருமுனையில் படுத்திருக்கிற மாட்டின் முன்னால் வைப்பேன். தோஸ்து அந்த நேரத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பான். மாடு நாக்கைச் சுழற்றித் தட்டைக் காலி செய்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று என்னைப் பார்க்கும். அதற்குப் பிறகுதான் கிரீஸ் கன்னைத் தொடுவேன்.