என்னைப் பூர்வகுடி ஆக்கிய ஷொட்

1. கோப்பியும் வாஃபலும்

படத்தில் என்னை முதலில் கண்டுபிடித்தது என் மனைவி சாந்திதான்.

ஒளிபரப்புக்குச் சில வாரங்கள் இருந்தன. வேலை செய்தவர்களின் குடும்பங்களைக் கூப்பிட்டு எங்கள் நிறுவனத்தில் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். ஒஸ்லோ வழக்கப்படி கோப்பி, வாஃபல், பழுப்புச் சீஸ் எல்லாம் இருந்தது. நான் அந்த ஆவணப்படத்தின் கமராமேன். ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையில், தெருவே போகாத இடத்தில், பவளப் பாறைகளுக்கும் பூர்வகுடி மக்களின் குகை ஓவியங்களுக்கும் நடுவில், வாரக்கணக்காகப் படகில் கிடந்து எடுத்த படம். பியோர்ண்டாலில் இருக்கும் எங்கள் வீட்டில் இருந்து சாந்தி பட்டுச் சேலை உடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

விளக்கை அணைத்தார்கள். முதல் ஷொட். சூரியன் விழும் நேரம். கடலில் இருந்து எழுந்து நிற்கும் பவளப் பாறை. அதன் விளிம்பில் மேற்சட்டை இல்லாத ஒரு கறுத்த மனிதன், தோளில் ஈட்டிக் கட்டு மாதிரி ஏதோ வைத்துக்கொண்டு நடக்கிறான். நோர்வேயின் நொஸ்க் மொழியில் ஒரு ஆழமான குரல்: "பல்லாயிரம் ஆண்டுகளாக இந்த மக்கள் இந்தக் கடலோரம் நடந்துகொண்டிருக்கிறார்கள்."

சாந்தி என் தொடையில் கிள்ளினாள். "இஞ்சை பாருங்கோ, அது உங்கட மருதமுனைச் சாரமெல்லோ?"

"சும்மா இரும்."

"சாரத்தை விடுங்கோ. இடக்கையாலை தூக்கிப் பிடிச்சுக்கொண்டு, மீன் வாங்கப் போறவர் மாதிரி நடக்கிறது வேறை ஆர்?"

நான் திரையைப் பார்த்தேன். என் முதுகு. இடுப்பில் கட்டிய என் கைத்தறிச் சாரம். தோளில் இருந்தது ஈட்டி இல்லை, என் ட்ரைபொட். சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். நான் கடித்த வாஃபலைத் திரும்பத் தட்டில் வைத்தேன்.

2. லென்ஸ் டெஸ்ட்

இந்தத் தொழிலுக்கு வரும் நம் பிள்ளைகள் சிலர், "அதுக்கு ஏன் அங்கிள் இவ்வளவு கோவம்? ஒரு ஷொட்தானே?" என்று கேட்கிறார்கள். ஒரு ஷொட்தான். அதனால்தான் அது எப்படி வந்தது என்று எழுதுகிறேன். அவர்கள் எல்லோரும் நொஸ்கிலும் ஆங்கிலத்திலும் பேசியதை என் காதில் விழுந்தபடி எங்கள் தமிழிலேயே தருகிறேன்.

அந்தக் கரையில் கடல் ஏறி இறங்கும் உயரம் ஒரு மாடிவீட்டை விடக் கூட. நீர் வற்றும்போது பாறை முழுவதும் கடலுக்கு மேலே வரும், அதன் ஓரங்களில் அருவி மாதிரித் தண்ணீர் கொட்டும். திரும்ப ஏறத் தொடங்கினால் ஓடிவந்து டிங்கி என்கிற சின்னப் படகில் ஏற வேண்டும். முதலை இருக்கிறது, ஆகவே குளிப்பு இல்லை. கபினின் ஏசியில் இருந்து வெளியே எடுத்தால் லென்ஸில் ஆவி படியும், வெளியிலேயே வைத்தால் உப்புப் பிடிக்கும்.

அந்தக் குகைகளுக்குச் சொந்தக்காரர் ஒரு பெரியவர். அவர் இப்போது இல்லை. அவர்களிடம் இறந்தவரின் பெயரைச் சொல்வதில்லை, நானும் எழுதமாட்டேன். படகில் எல்லோரும் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிட்டோம். கரையில் இறங்க முன் அவர் எங்கள் இயக்குநர் எர்லிங்கைப் பக்கத்தில் இருத்தி இரண்டே விஷயம் சொன்னார்.

"இடப்பக்கத்து ஓவியங்களை எடு. வலப்பக்கத்தை எடுக்காதை. மற்றது, எனக்குக் கால் ஏலாது, உனக்காக நான் ஏறி இறங்கி நடக்கமாட்டன். எனக்குப் பதிலா வேறை ஒருத்தனையும் நடக்க விடாதை. இந்த மண்ணிலை ஒருத்தன் நடந்தால் அவன் ஆரின்ரை பிள்ளை, ஆர் விட்டது எண்டு என்ரை சனம் கேக்கும். என்னட்டைத்தான் கேக்கும்."

"நிச்சயமா" என்றார் எர்லிங். கையும் கொடுத்தார். அந்தக் கை கொடுத்ததைக்கூட நான்தான் படம் எடுத்தேன்.

பிறகு அங்கிள் என் பக்கம் திரும்பினார். "உன்ரை சனம் எங்கை?"

"திருகோணமலை. கடற்கரைதான். இப்ப ஒஸ்லோ."

"உங்கட இடத்துக்கும் ஆரும் வந்து படம் எடுத்தவையோ?"

"எடுத்தவை. எங்களைக் கேட்டு எடுக்கேல்லை."

அவர் தலையை ஆட்டினார். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. நொஸ்க் செய்தியில் எங்கள் ஊர் அழுகிற முகங்களை இவர்கள் காட்டும்போதெல்லாம், யார் இந்த அம்மா, என்ன பெயர் என்று ஒருத்தரும் சொல்லாதது என்னை எரித்துக்கொண்டே இருந்தது. கேட்டுவிட்டு எடுக்கிற ஒரு படத்தில் வேலை செய்கிறேன் என்று அன்றைக்கு நான் பெருமைப்பட்டேன். எவ்வளவு மடையன்!

கடைசி நாட்களில் ஒரு பின்னேரம், பாறையில் வேலை முடித்தபோது என் காற்சட்டை முழுக்க உப்புத் தண்ணீர். கழற்றிவிட்டுப் பையில் இருந்த சாரத்தைக் கட்டினேன். நம் ஆட்கள் எந்தக் கண்டத்துக்குப் போனாலும் பையின் அடியில் ஒரு சாரம் இருக்கும். சேர்ட்டைப் பிழிந்து இடுப்பில் செருகி, ட்ரைபொட்டைத் தோளில் போட்டு, நீர் ஏற முன் டிங்கிக்கு விறுவிறு என்று நடந்தேன். எர்லிங் படகில் இரண்டாவது கமராவோடு நின்றார். என்ன எடுக்கிறாய் என்று கையால் கேட்டேன்.

"லென்ஸ் டெஸ்ட்!" என்று கத்தினார்.

3. "அது ஒரு கவிதை"

வாஃபல் மாலைக்கு அடுத்த காலை எடிட் அறையில் எர்லிங்கைப் பிடித்தேன்.

"அது நான்."

"தெரியும். எவ்வளவு அழகா நடக்கிறாய்!"

"அங்கிளுக்குக் கை குடுத்தனீ."

"சிவா, அது நிழலுருவம். முகம் இல்லை. ஆருக்குத் தெரியப்போகுது?"

"என்ரை மனிசிக்குத் தெரிஞ்சது."

அவர் சிரித்தார். "அது ஒரு குறியீடு. ஒரு கவிதை. உன்னைக் கௌரவிச்சிருக்கிறன் எண்டு நினை."

கௌரவம்! அந்தப் படத்துக்காக என் தோளில் ட்ரைபொட் தழும்பு விழுந்திருக்கிறது. அதற்கு வராத கௌரவம், என் தோலின் நிறம் கறுப்பு என்பதற்காக வருகிறதாம். கறுத்த முதுகு எல்லாம் ஒரே முதுகு, எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம் என்று ஒரு மனிதர் கண் எதிரே நின்று சொல்கிறார், அதற்குக் கவிதை என்று பெயரும் வைக்கிறார்.

அதற்குள் முன்னோட்டம் தொலைக்காட்சியில் போகத் தொடங்கிவிட்டது. ட்வெய்ட்டா சென்டரில் மரக்கறி வாங்கும்போது, சென்னையில் இருந்து வந்த எஞ்சினியர் தம்பி ஒருவர் ஓடி வந்தார். "சார், டிரைலர்ல நடக்கறது நீங்கதானே? லுங்கி கட்டுனதைப் பாத்ததுமே கண்டுபிடிச்சிட்டேன். செம சார்!"

"அது லுங்கி இல்லைத் தம்பி, சாரம். நடிக்கவும் இல்லை. என்னைக் கேக்காமல் திருடினவங்கள்."

அவர் பாவம், திருதிருவென்று விழித்தார்.

வீட்டுக்கு வந்து அங்கிளுக்கு ஃபோன் எடுத்தேன். சொல்லி முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "தோளிலை என்ன வச்சிருந்தனீ?"

"ட்ரைபொட்."

அவர் சிரித்த சிரிப்பில் லைன் கரகரத்தது. பிறகு சிரிப்பு நின்றது. "அந்தப் படத்தை இஞ்சை எல்லாரும் சேர்ந்திருந்து பாக்கப்போகினம். இவன் ஆர், ஆர் விட்டது எண்டு கேப்பினம். காசுக்கு ஒருத்தனை நடக்க விட்டிட்டார் எண்டு கதை வரும். நான் என்ன சொல்லுறது?"

"நீங்கள் ஒண்டும் சொல்லத் தேவை வராது. அந்த ஷொட்டை நான் வெட்டி எடுப்பிப்பன்" என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

எர்லிங்கிடம் திரும்பப் போனேன். ஷொட் இருக்கட்டும், ஆனால் குரலை மாற்று, "நீர் ஏற முன் படகுக்கு ஓடுகிறார் எங்கள் கமராமேன் சிவா, பியோர்ண்டால்வாசி" என்று சொல்ல விடு என்றேன். அவர் அதைப் பகிடி என்று நினைத்து எடிட்டருக்கும் சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "இதை இழுத்தால் அடுத்த படத்துக்கு உன்னைக் கூப்பிடுறது கஷ்டம்" என்று மெதுவாகவும் சொன்னார்.

4. மைனஸ் பதினொரு பாகைக் குளிரில் சாரம்

கடைசியாக, தொலைக்காட்சி நிலையத்தின் பொறுப்பாளர் மாரித் வந்து படம் பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். நிறம், வெளிச்சம் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல என்னையும் கூப்பிடுவது வழமை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நான் ஒரு பையோடு போனேன்.

படம் தொடங்க முன் கழிவறைக்குப் போய்ச் சேர்ட்டைக் கழற்றினேன். அதே சாரத்தைக் கட்டினேன். களஞ்சிய அறையில் இருந்து அதே ட்ரைபொட்டை எடுத்துத் தோளில் போட்டேன். கதவுக்கு வெளியே நின்று இசையைக் கேட்டேன். "பல்லாயிரம் ஆண்டுகளாக இந்த மக்கள்" என்று குரல் தொடங்கியதும் உள்ளே போனேன். திரைக்கு முன்னால், ஒரு சுவரில் இருந்து மறு சுவர் வரைக்கும், இடக்கையால் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, விறுவிறு என்று நடந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. வயிறு வேறு தள்ளியிருந்தது. ஆனால் கோபம் வெட்கத்தை விடப் பெரிதாக இருந்தது.

மாரித் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். "நிப்பாட்டுங்கோ" என்றார்.

எர்லிங் எழுந்து, "இது எங்கட கமராமேன், கொஞ்சம் பகிடிக்காரன்" என்றார்.

"அப்ப அதிலை நடக்கிறது ஆர்?" என்று மாரித் கேட்டார்.

எர்லிங் வாய் திறக்க முன் நான் சொன்னேன். அங்கிள் கேட்டுக்கொண்டதையும், கை கொடுத்ததையும், அதை நான் எடுத்த ஒளிநாடா அடுத்த அறையில் இருப்பதையும் சாரத்தோடு நின்றே சொன்னேன். படத்தில் இருந்து மட்டும் இல்லை, முன்னோட்டத்தில் இருந்தும் அதை நீக்க வேண்டும் என்றார் மாரித்.

படம் ஒளிபரப்பானது. தொடக்கத்தில் வெறும் பாறை, கொட்டும் தண்ணீர், ஆள் இல்லை. எர்லிங் அதன் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. கொஞ்சக் காலம் லில்லெஸ்ட்ரோமில் கல்யாண வீடியோ எடுத்துச் சமாளித்தேன், பிறகு வேறு நிறுவனம் கிடைத்தது.

பிள்ளைகளே, நான் படித்தது இதுதான். கமராவுக்குப் பின்னால் நிற்பதால் தப்பிவிட்டோம் என்று நினைக்காதீர்கள். உங்கள் முதுகையும் ஒருவன் எடுத்துக்கொண்டிருப்பான். அதற்கு என்ன பெயர் வைக்கிறான் என்று கேளுங்கள். பிழையான பெயர் என்றால் நல்ல பிள்ளையாக இருக்காதீர்கள், அவனுக்கு முன்னால் போய் நில்லுங்கள்.

படம் அங்கே காட்டப்பட்ட மறுநாள் அங்கிள் ஃபோன் எடுத்தார். எல்லோரும் சேர்ந்திருந்து பார்த்தார்களாம்.

"என்ன சொன்னவை?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை" என்றார் அங்கிள்.