மடிகிற கண்ணாடி

"அது சும்மா ஸ்டிக்கர் அண்ணை. உரிச்சு எறிஞ்சுபோட்டு வாங்கோ, நான் புதுசு ஒட்டித் தாறன்."

இதைச் சொன்னபோது நான் தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, வேறொருவருடைய போனில் சார்ஜ் குத்தும் துளையை ஊசியால் துப்புரவு செய்துகொண்டிருந்தேன். சொன்னதைப் பற்றி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. போனின் முகத்தில் ஒட்டியிருக்கும் தாளுக்குள் காற்றுக் குமிழ் வந்தால் உரித்துவிட்டுப் புதிது ஒட்டுவார்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

வவுனியாவில் ஆறு மாதம் படித்துவிட்டு வந்து, பரந்தன் சந்தியில் கடை போட்டுப் பதினொரு வருடமாகப் போன் திருத்துகிறேன். தொடக்கத்தில் வருகிறவர்கள் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "திருத்திறவர் இல்லையோ?" என்று கேட்பார்கள். "நான்தான்" என்பேன். இப்போது ஒருவரும் அப்படிக் கேட்பதில்லை. தண்ணீருக்குள் விழுந்தது, உழவு இயந்திரம் ஏறியது, பிள்ளை சுவரில் அடித்தது எல்லாம் என் மேசைக்கு வந்து உயிரோடு திரும்பிப் போயிருக்கின்றன. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு ஏன் அவ்வளவு துணிவு இருந்தது என்று விளங்குவதற்காகச் சொல்கிறேன்.

நான் உரிக்கச் சொன்ன போனுக்குச் சொந்தக்காரர் தர்மபுரம் பக்கம் வயல் செய்பவர். நெல் வெட்டும் இயந்திரம் ஒன்றும் வைத்திருந்தார். தாய் தகப்பன் மலையகத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். அவர் பிறந்தது இங்கேதான் என்றாலும் வீட்டுப் பேச்சு அவரிடம் மாறாமல் இருந்தது. கொழும்பில் வேலை செய்யும் மகள் புதுப் போன் வாங்கியபோது, தான் பாவித்த மடிக்கும் போனை அப்பாவுக்குக் கொடுத்திருந்தாள். மூடினால் சாதாரண போன். புத்தகம் போல விரித்தால் உள்ளே பெரிய திரை. இயந்திரத்தின் கையேடு முழுவதையும் அவர் அதற்குள் வைத்திருந்தார். வயல் வரம்பில் நின்று, போனை விரித்து, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் பழுது பார்ப்பார். அதில் அவருக்கு நல்ல சந்தோசம்.

நான் உரிக்கச் சொல்லி மூன்று கிழமை கழித்து, காலபோக நெல் அறுவடை முடிகிற நேரத்தில்தான், அவர் கடைக்கு வந்தார். அதுவரை புதுத் தாள் ஒட்ட வர அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. போனை மேசையில் வைத்து விரித்தார். உள் திரையில் பாதி கறுத்துக் கிடந்தது. மற்றப் பாதியில் பச்சைக் கோடுகள் நடுங்கின. வெளித் திரை மட்டும் ஒன்றும் நடக்காதது போல நேரம் காட்டிக்கொண்டிருந்தது.

"வயல்ல வச்சுத்தான் போச்சு தங்கச்சி. மெசின் வெட்டுறப்ப பறக்கிற பதரும் சுணையும் உள்ள போயிருக்கும். கொழும்புல மகள் கேட்டுப் பாத்துச்சு. முழுசா மாத்தணுமாம். வேணாம்னு சொல்லிட்டேன்."

"அப்ப என்ன செய்ய அண்ணை?"

"உள்ள இருந்த படமெல்லாம் மகள் எடுத்துருச்சு. நான் வேற போன் வாங்கிட்டேன். இத நீங்க பிரிங்க. கண்ணாடி எப்படி மடியுதுன்னு எனக்குப் பாக்கணும். வாங்கின நாள்ல இருந்தே அந்த யோசனை."

எனக்கும் அதே ஆசை இருந்தது. மடிக்கும் போன்கள் அதற்கு முன் இரண்டு மூன்றைக் கையில் பிடித்திருக்கிறேன். ஒன்றையும் திறந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச் சொன்னேன். அன்றைக்குச் சந்தியில் சனம் குறைவு.

ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். மேசைக்கு இந்தப் பக்கம், எனக்குப் பக்கத்திலேயே ஒரு கதிரை போட்டுக் கொடுத்தேன். முதலில் பின்பக்கக் கண்ணாடிகளைச் சூடு காட்டிக் கிளப்பினேன். பாதிக்கு ஒன்றாக இரண்டு பற்றரிகள். இரண்டின் இணைப்பையும் கழற்றினேன். அதைச் செய்யாமல் இன்னொரு இடத்தில் கை வைக்கக் கூடாது. பிறகு போனைத் திருப்பி விரித்து, உள் திரையைச் சுற்றி இருந்த மெல்லிய ரப்பர் விளிம்பை உரித்தேன். பசை இளக ஸ்பிரிட் சொட்டுச் சொட்டாக விட்டு, பிளாஸ்டிக் அட்டையை உள்ளே செலுத்தி, தோசையைக் கரையிலிருந்து கிளப்புவது போல நாலு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளப்பினேன். முக்கால் மணித்தியாலம் பிடித்தது.

திரை கையோடு வந்தது. நடுவில் பிடித்ததும் இரண்டு பக்கமும் தொங்கியது. அதன் முதுகில் ஒரு எவர்சில்வர் தகடு. மடிப்பு வருகிற இடத்தில் மட்டும் அந்தத் தகட்டை நூல் நூலாக வெட்டி, மா அரிக்கிற அரிதட்டின் வலை மாதிரி ஆக்கியிருந்தார்கள். மற்ற இடமெல்லாம் விறைப்பு, அந்த இடம் மட்டும் துணி. தொட்டுப் பார்க்க அவரிடம் நீட்டினேன். பெருவிரலால் மெதுவாக வளைத்துப் பார்த்தார்.

போனின் உடம்பில், இரண்டு பாதியையும் கதவுக் கீல் போலச் சேர்க்கும் பிணைச்சல் முதுகெலும்பு மாதிரி இருந்தது. சின்னஞ்சிறு பற்சில்லுகள், சுருள் வில்லுகள், தூசியைத் தடுக்க ஓரத்தில் பிரஷ் மயிர். அந்த மயிரைத் தாண்டி, கீழ் முனையில், மஞ்சளாக ஒரு துண்டுப் பதர் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா," என்றார் அவர். "நான் சொன்னேன்ல."

சாவணத்தால் அதைக் கவ்வி எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு மனசுக்குள் பெரிய ஆறுதல். அவர் உரித்தது என் பேச்சைக் கேட்டுத்தான் என்பது அவர் கடைக்கு வந்த நாளிலிருந்து எனக்குள் அரித்துக்கொண்டிருந்தது. அவர் அதைச் சொல்லிக்காட்டவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இப்போது குற்றவாளி தாளில் கிடந்தான். போனை மூடும்போது பதர் அடியிலிருந்து திரையைக் குத்தியிருக்கும், திரை வெடித்திருக்கும். கதை முடிந்தது.

ஆனால் அடியிலிருந்து குத்தியிருந்தால் அந்தத் தகட்டில் பள்ளம் விழுந்திருக்க வேண்டும். என் கை தானாகவே திரையைத் திருப்பியது. பதர் இருந்த இடத்துக்கு நேரே தகட்டைத் துடைத்து, மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்தேன். ஒரு கீறல்கூட இல்லை. பளபளவென்று இருந்தது.

பிறகு முகப்பக்கத்தைப் பார்த்தேன். முடியை விட மெல்லிய கண்ணாடி அது. வெடிப்புகள் சிலந்தி நூல் மாதிரி ஓடியிருந்தன. ஒவ்வொன்றையும் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனேன். எல்லாம் ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்தன. பதர் இருந்த கீழ் முனையில் இல்லை. மேல் விளிம்பில், மடிப்புக்குப் பக்கத்தில். அந்த இடத்தில் பிறை வடிவில் சின்னதாக ஒரு தழும்பு இருந்தது.

"அண்ணை, ஸ்டிக்கரை எந்த இடத்தில இருந்து உரிச்சனீங்கள்?"

அவர் யோசிக்காமலே மேல் விளிம்பைத் தொட்டுக் காட்டினார். "இங்கதான். நடுவுல குமிழ் வந்த எடம். நகத்த வச்சுக் கிளப்பினேன்."

அவரை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொன்னேன். நெடுநேரம் பார்த்தார். பிறகு கண்ணை எடுத்து, வேறு ஏதோ ஞாபகம் வந்தவர் போலப் பேசினார்.

"எங்க மெசின் பெல்ட் இருக்குல்ல தங்கச்சி, அது சில்லுல ஏறி வளையிறப்ப வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நசுங்கும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு எடம் இருக்கு. அது இழுபடவும் மாட்டாது, நசுங்கவும் மாட்டாது. பெல்ட்டோட பலமான நூல அந்த எடத்துலதான் போட்டிருப்பாங்க. மேல் ரப்பர் தேஞ்சு போச்சுன்னா அந்த நடு எடம் மாறிடும். அப்புறம் நூல் அறும்."

நான் கையிலிருந்த திரையின் விளிம்பைப் பார்த்தேன். தகடு, அதன்மேல் படம் காட்டும் படலம், அதன்மேல் கண்ணாடி. இவற்றுக்கு மேலே இருந்தது அவர் உரித்த தாள். எல்லாம் சேர்ந்துதான் ஒரு பெல்ட். மேலே இருந்ததைக் கழற்றியதும் நடு இடம் நடுவாக இல்லாமல் போயிருக்கிறது. நகம் பட்ட கண்ணாடி ஒவ்வொரு மடிப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வெடித்திருக்கிறது. அது ஸ்டிக்கரே இல்லை. திரையின் ஒரு பகுதி.

தாளில் பதர் இன்னும் கிடந்தது. அதைக் காட்டி அனுப்பியிருந்தால் அவர் நம்பிப் போயிருப்பார். நான் அப்படிச் செய்யவில்லை. திருத்துகிற வேலையில் எனக்கு ஒரே ஒரு கெட்டித்தனம்தான் உண்டு: எது பழுது என்று சரியாகச் சொல்லிவிடுவேன். அதை விட்டால் பிறகு என்னிடம் ஒன்றும் இல்லை.

"இது பதரால வரேல்லை அண்ணை. நான் உரிக்கச் சொன்னதால வந்தது. அதை உரிக்கக் கூடாது. எனக்குத் தெரிஞ்சிருக்கவேணும், தெரியேல்லை. தெரியாமல்தான் அவ்வளவு உறுதியாச் சொன்னனான்."

அவர் திரை இல்லாத போனைக் கையில் எடுத்து, பிணைச்சலைத் திறந்து மூடினார்.

"எனக்கே ஒரு மாதிரித்தான் இருந்துச்சு," என்றார். "சும்மா ஸ்டிக்கர் இவ்வளவு இறுக்கமா ஒட்டியிருக்குமான்னு. கை வேணாம்னுதான் சொல்லுச்சு. நீங்க சொன்னீங்களேன்னு இழுத்தேன்."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். இயந்திரத்தோடு வாழ்ந்து பழகிய கை அது. என் சொல்லுக்காக அது தன் புத்தியை விட்டுக்கொடுத்திருக்கிறது.

"என்னை மன்னியுங்கோ அண்ணை."

"அத விடுங்க. இதே மாதிரி வேற யாருக்கும் சொல்லியிருக்கீங்களா?"

அப்போதுதான் நினைவு வந்தது. எங்கள் ஒழுங்கையிலுள்ள தாதிப் பிள்ளை ஒருத்தி வவுனியாவில் வேலை செய்கிறாள். பிரான்சில் இருக்கும் தமையன் கொண்டுவந்து கொடுத்த மடிக்கும் போன் அவளிடம் இருந்தது. முந்தின வெள்ளிக்கிழமை பஸ்சுக்கு ஓடுகிற அவசரத்தில், மடிப்பில் குமிழ் வந்திருக்கிறது என்று காட்டினாள். நானும் அதே வார்த்தையைத்தான் சொல்லி அனுப்பியிருந்தேன்.

உடனே அவளுக்குப் போன் எடுத்தேன். மூன்றாவது முறைதான் பதில் வந்தது.

"பிள்ளை, அந்த ஸ்டிக்கரை உரிச்சிட்டீரோ?"

"ஒரு மூலை கிளப்பினனான் அக்கா. டியூட்டிக்கு நேரம் போட்டுதெண்டு விட்டிட்டன். ஏன்?"

"தொடாதேயும். இனி மடிக்கவும் வேண்டாம். விரிச்சபடியே நாளைக்குக் கொண்டாரும். நான் சொன்னது பிழை."

"பிழையோ?" என்றாள். என்னிடமிருந்து அவள் அந்தச் சொல்லைக் கேட்டதில்லை.

"ஓம். பிழை."

அண்ணை எழும்பினார். திரையும் மற்றச் சாமான்களும் எனக்கே இருக்கட்டும் என்றார். பிணைச்சலை மட்டும் கேட்டார். பற்சில்லுகளை வீட்டில் ஆறுதலாகப் பார்க்க வேண்டுமாம். அதைக் கழற்றிச் சின்னப் பையில் போட்டுக் கொடுத்தேன். தேத்தண்ணி குடிக்கச் சொன்னேன். குடித்துவிட்டுத்தான் போனார்.

மறுநாள் பின்னேரம் தாதிப் பிள்ளை பஸ்சால் இறங்கி நேரே கடைக்கு வந்தாள். போனை விரித்தபடி, இரண்டு மட்டைகளுக்கு நடுவில், எக்ஸ்ரே படம் போடும் உறைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். மூலை கிளம்பியிருந்தது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். தழும்பு இல்லை. கண்ணாடி முழுசாக இருந்தது. நான் மூச்சு விட்டதை அவள் கவனித்திருப்பாள்.

"ஒரு கிழமை விட்டிட்டுப் போகவேணும். இந்த மொடலுக்கெண்டு செய்த தாள் கொழும்பில இருந்து எடுப்பிக்கிறன். பழசை நகத்தால இழுக்கிறேல்லை. சூட்டில இளக வச்சு எடுக்கவேணும்."

"முந்திச் செய்திருக்கிறியளோ அக்கா?"

"இல்லை. ஆனா அதுக்குள்ள பழகிடுவன்."

அது வீண் பேச்சு இல்லை. பழக என்னிடம் ஒரு செத்த திரை இருந்தது. அந்தக் கிழமை முழுவதும், கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம், அதில் நல்லதாக எஞ்சியிருந்த பாதியில் தாள் ஒட்டினேன், சூடு காட்டினேன், எடுத்தேன், மறுபடி ஒட்டினேன். சூடு கூடினால் பசை நூலாக இழுபட்டது. குறைந்தால் தாள் கிழிந்தது. எந்தச் சூட்டில், எந்தக் கோணத்தில், எவ்வளவு ஆறுதலாக இழுத்தால் கண்ணாடிக்குத் தெரியாமல் தாள் வரும் என்பதை என் விரல்கள் படித்துக்கொண்டன. ஐந்தாம் நாள் தாள் முழுசாக, சத்தமில்லாமல் வந்தது. ஆறாம் நாளும் வந்தது.

ஏழாம் நாள் தாதியின் போனில் கை வைத்தேன். தூசி பறக்காமல் இருக்க விசிறியை நிற்பாட்டி, நிலத்துக்குத் தண்ணீர் தெளித்தேன். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. பழையது கழன்று வந்தது, புதியது ஒட்டிக்கொண்டது. குமிழ் இல்லை. அவள் வந்து வாங்கி, பயந்து பயந்து ஒருமுறை மடித்தாள். பிறகு விரித்தாள். பிறகு பயமில்லாமல் மடித்துக் கைப்பையில் போட்டாள்.

அதன்பிறகு மடிக்கும் போன்கள் அடிக்கடி வருகின்றன. தெரியாத ஒன்று வந்தால், "தெரியாது, திறந்து பாத்திட்டுச் சொல்லுறன்" என்கிறேன். அப்படிச் சொன்னதற்காக ஒருவரும் போனைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகவில்லை. போன மாதம் மாங்குளத்திலிருந்து ஒரு குடும்பம் உள் திரை முழுவதுமாக உடைந்த ஒன்றைக் கொண்டுவந்தது. கொழும்புக்கு அனுப்ப வேண்டுமா என்று கேட்டார்கள். தேவையில்லை என்றேன். திரை வர இரண்டு கிழமை, மாற்ற ஒரு முழுப் பகல். இப்போது வேலை செய்கிறது.