முகம் காட்டினால்தான் மாத்திரை

டாக்டர் செல்போனுக்குள் இருப்பார், நோயாளி நாற்காலியில் இருப்பார், ரெண்டு பேரிடமும் திட்டு வாங்க நடுவில் ஒருத்தி வேண்டும். திருவொற்றியூரில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் அந்த ஒருத்தி நான். வீடியோவில் டாக்டரைப் பிடித்துக் கொடுப்பேன், அவர் அனுப்புகிற சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுப்பேன். கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிற உங்களுக்கு மிச்சத்தை விளக்க வேண்டியதில்லை.

பவுடர்

காய்ச்சல் என்று ஒரு அக்கா வந்தார். பட்டுப்புடவை, தலை நிறைய மல்லி, முகத்தில் அரை டப்பா பவுடர். டாக்டர் வீடியோவில் பார்ப்பார் என்று நான்தான் சொல்லித் தொலைத்திருந்தேன். டாக்டர் பார்த்ததும், "முகம் இப்படி வெளுத்திருக்கே, ரத்தம் டெஸ்ட் பண்ணீங்களா?" என்றார். ஈரப் பஞ்சைக் கொடுத்துத் துடைக்கச் சொன்னேன். அக்காவுக்கு வந்ததே கோபம். "மொத மொதல்ல பாக்குற மனுசன். கலீஜா போய் உக்காரச் சொல்றியா?"

அதே மூஞ்சி

காத்திவாக்கம் கஸ்தூரி ஒரு நாள் காலி மாத்திரை அட்டையை நீட்டினாள். அவள் புருஷன் தேசிங்கு விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவன். அவனுக்கு வலிப்பு உண்டு. மாத்திரை போட்டால் எட்டிப் பார்க்காது, விட்டால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வலை இழுக்கும்போது வந்தால் ஆள் தண்ணீரில். விஷயம் வெளியே தெரிந்தாலோ எந்தப் படகிலும் ஏற்ற மாட்டார்கள். அதனால் அவர்கள் வீட்டையும் எங்கள் கடையையும் தவிர யாருக்கும் தெரியாது.

பழைய சீட்டு செல்லாது, ஆள் முகத்தைப் பார்க்காமல் டாக்டர் புதுசு தரமாட்டார் என்றேன். தேசிங்கோ கடலில் இருந்தான். போனவள் கொஞ்ச நேரத்தில் ஒரு ஆளைக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தாள். அச்சு அசல் தேசிங்கு மாதிரியே இருந்தான், அவன் தம்பி. "கடைசியா எப்போ வலிப்பு வந்துச்சு?" என்று டாக்டர் கேட்டார். அவன் திரும்பி, "அண்ணி, எனக்கு எப்ப வந்துச்சு?" என்றான். டாக்டர் லைனைக் கட் பண்ணிவிட்டார். கஸ்தூரிக்குத் துளி வெட்கம் இல்லை. "மூஞ்சி பாக்கணும்னு நீதானே சொன்ன? அதே மூஞ்சியத்தானே இட்டாந்துகீறேன்."

கால் நோவு

தேசிங்கு கரைக்கு வந்ததும் கஸ்தூரி அவனைக் கடைக்கு விரட்டினாள். எங்கள் வீடியோ ஆப்பில் தினம் ஒரு டாக்டர், அன்றைக்கு வேறு ஒருவர். "என்ன பிரச்சினை?" என்று அவர் ஸ்பீக்கரில் கேட்கவும், கைக்காயத்துக்குப் பஞ்சு வாங்க ஏழுமலை உள்ளே வரவும் சரியாக இருந்தது. ஏழுமலைதான் தேசிங்கு போகிற படகுக்கு டிரைவர். யாரை ஏற்றுவது, யாரை இறக்குவது எல்லாவற்றிலும் அவர் வைத்ததுதான் சட்டம். தேசிங்கு அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், "கால் நோவு டாக்டர்" என்றான்.

நான் வாயைத் திறந்தால் அவன் பிழைப்பு போச்சு. டாக்டரும் முழங்காலா, கணுக்காலா என்று அக்கறையாக விசாரித்துத் தடவுகிற மருந்து எழுதினார். ஏழுமலை செல்போன் பக்கம் குனிந்து சிபாரிசு வேறு செய்தார். "நாள் பூரா நின்னுகினு வலை இஸ்க்கிற காலு சார். நல்ல தைலமா எய்திக் குடு."

எண்ணூர் தாண்டுவதற்குள்

மறுநாள் காலை கடை திறக்கும்போதே கஸ்தூரி நின்றிருந்தாள், கையில் அந்தத் தைலம். தேசிங்கிடம் மிச்சமிருந்த மாத்திரையும் சுத்தமாகத் தீர்ந்துவிட்டது, படகும் கிளம்பிவிட்டது. படகு எண்ணூரைத் தாண்டிவிட்டால் சிக்னலும் கிடைக்காது. அன்றைய டாக்டரைப் பிடித்து நடந்ததைச் சொல்லி, அதே லைனில் தேசிங்கையும் வீடியோவில் கூப்பிட்டேன். எடுத்தான். அவன் தோளுக்குப் பின்னால் ஏழுமலையும் மற்ற ஆட்களும் நின்றார்கள்.

"உங்களுக்கு என்ன வியாதின்னு நீங்களே சொல்லணும். சொன்னாத்தான் எழுதுவேன்" என்றார் டாக்டர். தேசிங்கு திரும்பி ஏழுமலையைப் பார்த்தான். கஸ்தூரி என் கையிலிருந்து செல்போனைப் பிடுங்கினாள். "சொல்லுய்யா. வேல போனா போட்டும். நீ போய்ட்டா நான் இன்னா பண்ணுவேன்?"

"வலிப்பு டாக்டர்" என்றான் தேசிங்கு, தலையைக் குனிந்துகொண்டே. மாத்திரை இல்லாமல் இவர் கடலில் இருக்கவே கூடாது, கரைக்குத் திரும்பி வரச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். தேசிங்கு கையிலிருந்த செல்போன் ஏழுமலை கைக்குப் போனது. ஆரம்பிக்கப் போகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் திட்டவில்லை. சுக்கான் பிடித்திருந்தவனிடம் படகைத் திருப்பச் சொன்னார். டாக்டர் சரி என்கிறவரை தேசிங்கு கரையிலேயே வலை வேலை பார்க்கட்டும், கூலிக்கு நான் பொறுப்பு என்று கஸ்தூரியிடம் சொன்னார். அப்புறம் ஆட்களை விட்டுத் தள்ளிப் போய், செல்போனை முகத்துக்குக் கிட்டே வைத்துக்கொண்டார். "டாக்டர், போன வெச்சிடாத. எனக்கு சக்கர வியாதி கீது. மாத்திர வுட்டு ரொம்ப நாளாச்சு. ஓனருக்குத் தெரியாது."

வீடியோவில் டாக்டரைப் பிடிக்க ஒரு நிமிஷம் போதும், அவரிடம் உண்மையைச் சொல்லவைக்கத்தான் ஆளைக் கடலுக்கே அனுப்பவேண்டியிருக்கிறது.