ஏழாவது கை

சாயப்பட்டறையில் துணி பிழியும் இயந்திரத்தின் முன் பன்னிரண்டு வருடங்களாக நிற்கிற அக்காவுக்குத் தம்பி பேச்சை எடுத்தால் தலைகால் புரியாது. ஒன்பதாம் வகுப்போடு தன் படிப்பை நிறுத்திக்கொண்டு அவனைப் புகைப்படக்கலை படிக்க வைத்தவள். தொழிலாளர் வாழ்க்கையைப் படமெடுக்க அவன் கேமராவோடு வந்து நின்றபோது, பிழைக்க வந்த பெண்கள் தங்கியிருந்த பட்டறை விடுதியில் அறை அறையாக ஏறி இறங்கினாள்.

“முகம் தெரியாது. கையை மட்டும்தான் எடுப்பான். யாரு என்னன்னு ஒருத்தருக்கும் தெரியாது. நான் பொறுப்பு.”

“உன் தம்பி புராணம் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சிடுச்சு. வேலை போனா அவனா சோறு போடுவான்?” என்றாள் பக்கத்து இயந்திரக்காரி. கேட்டுவிட்டு முதல் ஆளாக அவள்தான் கையை நீட்டினாள். மருந்துத் தண்ணீரில் வெந்து தோலுரிந்த கை. நகக்கண் வரை நீலம்.

ஆறு பேர் நீட்டினார்கள். ஏழாவதாக அக்காவும் நீட்டினாள். ஆளுக்கொரு பிரதி கொடுக்கும்போது கை மாறிவிடக்கூடாதே என்று, படத்தின் எண், பெயர், அறை, இயந்திரம் எல்லாவற்றையும் கோடு போட்ட தாளில் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதித் தம்பியிடம் கொடுத்தாள்.

மூன்று மாதம் கழித்துக் கண்காட்சி. அவனுக்கு முதல் பரிசு. அக்கா லீவு போட்டுவிட்டுப் போனாள். ஆளுயரப் படங்கள். ஒவ்வொன்றின் கீழும் பெயர், அறை, இயந்திர எண்.

“என்னடா இது?”

“பேர் இல்லாத கையை யாருக்கா நின்னு பார்ப்பாங்க? நடுவரே அதைத்தான் பாராட்டினார்.”

“பிரதி கொடுக்கத்தானேடா எழுதினேன்! சுவத்துல ஒட்டவா?”

“நீ ஏன் பதறுற? உன் பேரைப் போடலையே.”

அவள் ஏழாவது படத்தைப் பார்த்தாள். அதன் கீழே மட்டும் வெறும் இடம். தெரியாமல் செய்துவிட்டான் என்று சொல்லிக்கொள்ளக்கூட அவளுக்கு வழியில்லாமல் போயிற்று.

திங்கட்கிழமை காலை பட்டறையில் ஆறு பேரின் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டு வேலையை விட்டு அனுப்பினார்கள். அக்கா நேரே மேலாளர் அறைக்குள் நுழைந்து தன் அட்டையை மேசைமேல் வைத்தாள்.

“ஏழாவது என் கை சார்.”

வாசலில் பக்கத்து இயந்திரக்காரி மூட்டையோடு நின்றிருந்தாள்.

“நானும் வந்துட்டேன்டி,” என்றாள் அக்கா.

“வந்து?” என்றாள் அவள். “உன்னை யாருடி கேட்டா? எனக்கு வேலைதான் வேணும்.”

மூட்டையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள். மற்ற ஐவரும் அவள் பின்னால் போனார்கள்.