வெண்டெலினை விடாத மேற்கோள்கள்

எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடிக்காரர் வெண்டெலின் ஆப்ரகான், தூங்கிக்கொண்டே கட்டுரை எழுதுகிறவர். ஓய்வுபெற்ற டீச்சரான நான் கதை விடுகிறவள் என்று எங்கள் கோஷித்சே நகரம் முழுக்கப் பேச்சு. ஆனால் இது கதையில்லை. ஜெனீவாவில் பூமிக்கு அடியில் துகள்களை மோதவிடும் சோதனையில் அவரோடு சேர்த்து மூவாயிரம் பேர். அங்கிருந்து எந்தக் கட்டுரை வந்தாலும் அத்தனை பேரும் அகரவரிசையில் ஆசிரியர்கள். எழுதியவர், எழுதாதவர், படித்தே பார்க்காதவர் எல்லோரும். செத்தவரைக்கூட உடனே நீக்குவதில்லை. பெயருக்குப் பக்கத்தில் சின்னக் குறி ஒன்று போட்டு வைத்துக்கொள்வார்கள்.

வெண்டெலினின் வேலை, அந்தச் சோதனைக்காக எங்கள் ஊர் ஆராய்ச்சிக்கூடத்தில் செய்யும் கருவியின் வாயுக் குழாய்களில் கசிவு தேடுவது. சோப்பு நுரையைத் தடவிவிட்டுக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார். அதற்குக் கிடைத்த கட்டுரைகளை அச்சடித்து அடுக்கி மேலே ஏறினால், பேராலயக் கோபுரத்துப் புறாக்கூட்டில் எத்தனை முட்டை என்று எண்ணிவிடலாம். உலகத்து ஆராய்ச்சியாளர்கள் அவற்றை லட்சம் தடவைக்கு மேல் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். அவர் தனியாக எழுதியது ஒன்றே ஒன்று, சோப்பு நுரையைப் பற்றி. அதை மேற்கோள் காட்டியவர் ஒரே ஒருவர். அவரேதான்.

அவர் மனைவி பொஷெனா, லெவோச்சா என்ற வேறு ஊரில் பள்ளி ஆசிரியை. சனி, ஞாயிறில் மட்டும்தான் இருவரும் புருஷன் பெண்டாட்டி. அந்தப் பள்ளியிலேயே இயற்பியல் ஆசிரியர் இடம் காலியானபோது வெண்டெலினுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. செப்டம்பரில் சேர வேண்டும்.

ஆராய்ச்சிக்கூடத்தின் இயக்குநர் குஹ்தா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அரசாங்கத்தின் மதிப்பீடு நடந்துகொண்டிருந்தது. வேலையில் இருப்பவர்களின் மேற்கோள்களைக் கூட்டித்தான் தரம் போடுவார்கள்.

“இது மட்டும் முடியட்டும், வெண்டெலின். அப்புறம் நானே உங்களை ரயிலேத்தி விடறேன்.”

முடிந்தது. முதல் தரம்! பிளம் சாராயம் ஆறாக ஓடியது. வெண்டெலின் பெட்டி கட்டினார். ஆகஸ்டில் ராஜினாமாக் கடிதத்தோடு போனவர் திரும்பி வந்து, என் சமையலறையில் உட்கார்ந்து, ஹலுஷ்கி என்கிற உருளைக்கிழங்கு மாவு உருண்டைத் தட்டை முள்கரண்டியால் கிளறிக்கொண்டே நடந்ததைச் சொன்னார்.

முதல் தரம் கிடைத்த தைரியத்தில் குஹ்தா புதிதாக ஐந்து பேரை வேலைக்கு எடுத்துவிட்டாராம்.

“நீங்க போனா அடுத்த மதிப்பீட்டுல தரம் இறங்கும். தரம் இறங்கினா முதல்ல வீட்டுக்குப் போறது அவங்கதான். ராட்கா இப்பத்தான் கைக்குழந்தையோட பிராக் நகரத்தை விட்டுட்டு வந்திருக்கா. அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க.”

“என் பேரை ஆசிரியர் பட்டியல்ல இருந்து எடுக்கச் சொல்லிடறேன்.”

“தாராளமா. பழைய கட்டுரைங்க இருக்கே! நீங்க சும்மா உட்கார்ந்திருந்தாலும் எண்ணிக்கை ஏறும்.”

“அப்ப செத்தாத்தான் விடுவீங்களா?”

“சேச்சே, என்ன பேச்சு இது! செத்தாலும் கொஞ்ச நாளைக்குக் குறி போட்டு வச்சுப்போம்.”

“போய்த் தொலையட்டும்னு கிளம்ப வேண்டியதுதானே?” என்றேன்.

“கிளம்பினேன், டீச்சரம்மா. வாசல்ல ராட்கா குழந்தையோட நின்னா. உங்களாலதான் சார் சொந்த ஊருக்கு வந்தோம்னு சொல்லி, குழந்தையை என் கையில கொடுத்துட்டா.”

“கடிதம்?”

“குழந்தை வாயில வச்சுக் கடிச்சுருச்சு. நானும் பிடுங்கலை.”

அப்போது அவர் கைபேசி அடித்தது. பொஷெனாவின் குரல் எனக்கே கேட்டது.

“கையெழுத்துப் போட்டானா அந்தக் குஹ்தா?”

“அடுத்த வருஷம்...”

“இங்க பள்ளியில அந்த இடத்துக்கு வேற ஆள் பார்க்கச் சொல்லிடட்டுமா?”

அவர் முள்கரண்டியைத் தட்டில் வைத்தார். பிறகு, “சொல்லிடு” என்றார்.

பெட்டி இன்னும் அவர் வீட்டுக் கதவருகே கட்டியபடியே நிற்கிறது. அவர் அதைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறார். போன வாரம் கேட்டேன்: “அதைப் பிரிச்சு வைக்கக்கூடாதா, வெண்டெலின்?”

“பிரிச்சா இங்கேயே தங்கிட்டேன்னு ஆயிடும், டீச்சரம்மா.”

சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அவர் கீழ்வாசலைத் தாண்டுவதற்குள் எங்கேயோ யாரோ அவரை இன்னொரு தடவை மேற்கோள் காட்டியிருப்பார்கள்.