ஒற்றைக்கால் மயில்

சங்ககிரியில் லாரிக்குப் பாடி கட்டுகிறேன். தன் முதல் லாரியில் இருந்த அதே மயில் புது லாரிக் கதவிலும் இல்லாவிட்டால் வண்டியை எடுக்க மாட்டேன் என்றார் லாரிக்காரர். படம் பழைய சிடியில் இருந்தது; அதை டிடிபி கடைக்குக் கொண்டுபோனேன். லேசர் பிரிண்டில் தோகைக் கோடுகள் விழவே இல்லை.

டிடிபி கடைக்காரர் ஒல்லியானவர். ஒவ்வொரு பிரிண்டையும் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார்.

"கம்ப்யூட்டர்ல நல்லாத் தெரியுதுங்களே?" என்றேன்.

"அப்ப கம்ப்யூட்டரையே கதவுல ஒட்டிக்கிறீங்களா?"

படத்தைப் புது சாஃப்ட்வேருக்கு மாற்றி, கோடுகளை ஒவ்வொன்றாகத் தடிமனாக்கினார். மயிலுக்கு ஒரு கால்தான் இருந்தது.

"இன்னொரு காலும் போட்டுருங்க."

"பிரிண்டு வர வைக்கத்தானுங்க சொன்னீங்க. மயிலுக்கு வைத்தியம் பார்க்கச் சொல்லலீங்களே."

கதவைப் பார்த்ததும் லாரிக்காரர் முகம் மலர்ந்தது. "ஒத்தக்கால்! நம்ம மயிலேதானுங்க!"

கடைக்காரர் யோசித்துத்தான் அப்படி விட்டாரா, சோம்பலில் விட்டாரா? அவரிடம் கேட்க இன்னும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.